அம்மம்மா வாசித்த பஸ் பலகை

அம்மம்மா ஐம்பத்தெட்டு வயதில்தான் எழுத்துக்கூட்டப் பழகினார். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில், என் நாலாம் ஆண்டுப் புத்தகத்தை மடியில் வைத்து, ளகரத்துக்கும் ழகரத்துக்கும் தடுமாறியபடி. பொம்பிளைப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு என்று சின்னதில் பள்ளிக்கூடத்தால் நிப்பாட்டியவர்கள், அப்புறம் இந்த வயதில் ஏறாது என்றும் சொன்னார்கள். இரண்டுமே பிழை.

எழுத்துக்கு வயது ஏறக்குறைய 5,000 ஆண்டுதான். வாசிப்புக்கென்று மூளையில் தனி இடம் பரிணமிக்க அந்தக் காலம் காணாது. அதனால் மூளை இருப்பதையே வேறு வேலைக்குப் பழக்குகிறது: இடப்பக்கம், காதுக்குப் பின்னால் அடிப்பகுதியில், முகங்களையும் பொருட்களையும் இனங்காணும் திசுவில் ஒரு துண்டு எழுத்துகளின் பக்கம் திரும்புகிறது, சீனமோ ஆங்கிலமோ ஹீப்ருவோ எதை வாசிப்பவருக்கும் ஏறத்தாழ அதே இடத்தில். அங்கிருந்து ஒலிக்கும் பொருளுக்கும் போகிற இணைப்புகள் வாசிக்க வாசிக்க உறுதியாகி, ஒருநாள் சொல் ஒரே பார்வையில் பிடிபடுகிறது.

2010இல் ஸ்தனிஸ்லாஸ் தெஹான் என்ற பிரெஞ்சு மூளை ஆய்வாளரின் குழுவினர் வளர்ந்தவர்கள் 63 பேரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். எழுத்தறியாதவர்கள், சிறுவயதில் படித்தவர்கள், வளர்ந்தபின் படித்தவர்கள் என மூன்று வகையினர். பிந்திப் படித்தவர்களிடமும் இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை இருந்தன. இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை, அம்மம்மாவுக்குச் சொல்ல அவர் இல்லையே என்று.

சரி, பெண் மூளை? 1887இல் ஜார்ஜ் ரோமானிஸ் என்ற விஞ்ஞானி, பெண்களின் மூளை சராசரியாக ஐந்து அவுன்ஸ் குறைவு, ஆகவே அறிவும் குறைவு என்று எழுதினார். சிறிய உடம்புக்குச் சிறிய மூளை, அவ்வளவுதான். ஐந்து வருடம் கழித்து எங்கள் ஊர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை பெண் விடுதலையைப் பேசும் ‘தத்தை விடு தூது’ என்ற செய்யுள் நூலை வெளியிட்டார் என்பதில் எனக்குப் பெரிய பெருமை. 2015இல் டஃப்னா ஜோயல் என்ற மூளை ஆய்வாளரின் குழு 1,400க்கு மேற்பட்ட மூளைகளின் ஸ்கேன்களை ஆராய்ந்தது. சில பகுதிகளில் சராசரி வித்தியாசம் உண்டு, ஆனால் முழுக்க ‘ஆண்’ அல்லது முழுக்க ‘பெண்’ என்று சொல்லக்கூடிய மூளை மிக அரிது, அநேகமானவை கலவை.

பழக்கத்தின் பலனை நானும் உணர்ந்தது உண்டு: ஒரு சஞ்சிகை திருப்பியனுப்பிய கதையை நான் ஏழாம் தடவை எழுதியபோது, பழைய வரிகளின் பிசிறு வாசித்த உடனேயே கண்ணில் குத்தியது. கண்ணும் காதும் அத்தனை தடவை பழகியதால்தான் அது தெரிந்தது என்று நம்புகிறேன்.

பழகத் தொடங்கிய அடுத்த வருடம், பஸ் ஸ்டாண்டில் ஒருவரிடமும் கேட்காமல் அம்மம்மா பலகையைப் பார்த்து "நிலாவெளி" என்று ளகரத்தை அழுத்திச் சொல்லிவிட்டு எனக்கு முன்னால் ஏறினார்.