ஃபயராபென்ட் 'கொண்டாட்ட மாலை' அல்ல

ஐரோப்பியர்கள் எப்படி நிம்மதியாக வாழ்கிறார்கள் என்று பாடம் எடுக்கும் கட்டுரைகளில், அன்றைய வேலை முடிகிற நேரத்தைச் சொல்லும் ஃபயராபென்ட் என்ற ஜெர்மன் சொல் அடிக்கடி தலைகாட்டுகிறது. கூடவே 'கொண்டாட்ட மாலை' என்றொரு தமிழாக்கம். படிக்கும்போதெல்லாம் கல்யாண மண்டப வாசலில் தொங்கும் ரோஜா மாலைதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

'ஃபயர்' திருநாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'ஆபென்ட்' என்பதற்கு இன்றைய பொருள் மாலைப் பொழுது. பழைய வழக்கில் முந்தின நாளையும் குறித்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இன்றும் 'ஹைலிகாபென்ட்'தான். ஆக, முதலில் இது திருநாளுக்கு முந்தின பொழுது. பிற்பாடு அன்றாட வேலை முடிகிற நேரத்துக்கே பெயராகிவிட்டது. வேர்க்கதை அவ்வளவுதான்.

சொல்லை இரண்டாகப் பிய்த்து, ஆளுக்கொரு தமிழ்ச் சொல் ஒட்டியதில்தான் கோளாறு. நள்ளிரவு தாண்டியதும் மாவு பிசையத் தொடங்கும் ரொட்டிக் கடைக்காரருக்கு முற்பகலிலேயே ஃபயராபென்ட் வந்துவிடும். இரவுப் பணி நர்சுக்கு அது காலையில் வரும். இதில் மாலை எங்கே இருக்கிறது? கொண்டாட்டமும் கட்டாயமில்லை. வீட்டுக்குப் போய்த் துணி மடித்தாலும் அது ஃபயராபென்ட்தான். 'பணி ஓய்வு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. நம் காதுக்கு அது ரிடையர்மென்ட். (கிழக்கு ஜெர்மனியில் முதியோர் இல்லத்தை 'ஃபயராபென்ட்ஹைம்' என்றுதான் சொன்னார்கள் என்பது வேறு கதை.)

நம்மிடம் சொல் இல்லாமலா போயிற்று? 'சரி, கடையைக் கட்டலாம்' என்று கடையே இல்லாத ஆபீஸில்கூடச் சொல்கிறோமே! ஜெர்மன்காரர் 'ஃபயராபென்ட் மாகன்' என்பது அச்சாக இதைத்தான். பிள்ளைகள் ரகளை செய்தால் 'இப்போ ஃபயராபென்ட்!' என்று அவர்கள் அதட்டுவார்கள். 'போதும், கடையைக் கட்டு' என்று நாமும் அதட்டுவோம். இரண்டும் இவ்வளவு ஒட்டிப்போவது அபூர்வம். பெயர்ச்சொல்தான் வேண்டுமென்றால் 'வேலைவிட்ட பொழுது' என்று எழுதலாம். பேச்சு வழக்கு என்று முகம் சுளிப்பவர்கள், 'ஒர்க்-லைஃப் பேலன்ஸ்' என்பதற்குப் 'பணி-வாழ்வுச் சமநிலை' மாதிரி யார் வாயிலும் வராத தொடரைக் கூசாமல் அச்சிடுகிறார்கள். அது என்ன, தராசுத் தட்டில் வைத்து நிறுக்கும் சரக்கா? அகராதியைப் பெயர்க்கிறார்கள், பேச்சைக் கேட்பதில்லை.

தவறான சொல் விஷயத்தையே திசை திருப்பிவிடுகிறது. 'கொண்டாட்டம்' என்று போட்டதும் மெழுகுவத்தி, இசை, திராட்சை ரசம் என்று கட்டுரை ஓடுகிறது. அங்கே நிம்மதிக்கு அடித்தளம் வேறு. ஜெர்மனியின் 1994ஆம் ஆண்டு வேலை நேரச் சட்டப்படி, ஒரு நாள் வேலை முடிந்ததற்கும் அடுத்த நாள் வேலை தொடங்குவதற்கும் இடையே 11 மணி நேரம் இடைவிடாத ஓய்வு தரவேண்டும். இரவு 9 மணிக்கு வேலை விட்டவரை மறுநாள் காலை 8 மணிக்கு முன்னால் கூப்பிட முடியாது. மருத்துவமனை, உணவகம் போன்ற இடங்களுக்குச் சில தளர்வுகள் உண்டு. மெழுகுவத்தி ஏற்றச் சொல்லும் கட்டுரைகளில் இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வரியை நான் இன்னும் பார்க்கவில்லை.