சொல் விளக்கம்: சொங்புன்

அண்ணன் மகள் வாங்கி வைத்திருக்கும் கொரிய முகப்பூச்சு டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. தண்ணீர், கிளிசரின், அப்புறம் வாயில் நுழையாத பத்து இருபது பெயர்கள். பட்டியலின் தலைப்பில் கொரிய எழுத்தில் 'ஜொன்சொங்புன்' என்று போட்டிருக்கிறார்கள். 'ஜொன்' என்றால் முழுவதும். 'சொங்புன்' என்றால் சேர்மானம். நாட்டு மருந்துக் கடையில் லேகியத்துக்கு என்னென்ன சேர்மானம் என்று கேட்கிறோமே, அதே பொருள்.

வட கொரியாவில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. அங்கே மனிதருக்கும் சொங்புன் இருக்கிறது. அதுவரை கொரியாவை ஆண்ட ஜப்பானியர் 1945இல் வெளியேறியபோது உன் தாத்தா என்னவாக இருந்தார், 1950 முதல் 1953 வரை நடந்த போரில் எந்தப் பக்கம் நின்றார், சொந்தக்காரர் யாராவது தெற்கே ஓடிப்போனார்களா என்று அரசு எழுதி வைத்திருக்கும் கணக்குதான் அது. எந்தக் கல்லூரி, என்ன வேலை, எந்த ஊரில் குடியிருப்பு, கட்சியில் சேர முடியுமா, யார் பெண் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கைத் தொட்டே நடக்கும்.

சொல்லின் வேர் சீன மொழியில் இருக்கிறது. இரண்டு எழுத்துகள்: முதலாவது 'ஆதல்', இரண்டாவது 'பங்கு, கூறு'. ஒன்று எவற்றால் ஆனதோ அந்தக் கூறுகள். சீனத்தில் செங்ஃபென், ஜப்பானியத்தில் செய்புன், கொரியத்தில் சொங்புன். மூன்றிலும் மருந்துப் புட்டியிலும் வேதியியல் பாடத்திலும் புழங்கும் சாதுவான சொல். மா சே துங் காலத்துச் சீனத்திலும் இது மனிதர்மேல் ஏறியது. நிலச் சீர்திருத்தத்தின்போது நிலக்கிழார், பணக்கார விவசாயி, நடுத்தர விவசாயி, ஏழை விவசாயி என்று குடும்பம் குடும்பமாக முத்திரை குத்தினார்கள். அதற்குப் பெயர் 'குடும்ப செங்ஃபென்'. பேரன் பிறப்பதற்கு முன்பே நிலம் கைவிட்டுப் போயிருக்கும், ஆனாலும் அவன் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளைதான். 1979இல் சீனக் கட்சி நிலக்கிழார், பணக்கார விவசாயி முத்திரைகளை நீக்கியது. அதன்பின் அங்கே அந்தச் சொல் பெரும்பாலும் புட்டிக்கே திரும்பிவிட்டது. வட கொரியாவில் திரும்பவில்லை.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் ங் என்ற மெய்யை அடுத்துக் ககரம்தான் வரும். சங்கு, நுங்கு, பங்கு. 'ங்பு' நம் நாக்குக்குப் பழக்கமில்லை. முதல் உயிரும் அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவே எங்கேயோ தொண்டையில் நிற்கிறது. சொங்புன், சங்புன் என இரண்டு விதமாக எழுதினாலும் குற்றமில்லை. நான் முன்னதை எடுத்துக்கொள்கிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு நாளும் தேதியும் உண்டு. 1946 மார்ச்சில் நிலச் சீர்திருத்தம் வந்தபோதே நிலம் வைத்திருந்தவர்கள், ஜப்பானியரிடம் உத்தியோகம் பார்த்தவர்கள் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டார்கள். போர் முடிந்து, கட்சிக்குள் எதிராளிகளை நாட்டின் முதல் தலைவர் கிம் இல் சுங் ஒழித்துக்கட்டிய காலத்தில், 1957இல், நாடு முழுக்க ஆள் ஆளாக விசாரிக்கும் வேலை தொடங்கியது. 1960களின் பிற்பாதியில் மறுபடியும் ஒரு கணக்கெடுப்பு. அதன் முடிவில் மக்கள் மூன்று பெரும் பிரிவாகவும் அதற்குள் 51 உட்பிரிவாகவும் வகுக்கப்பட்டார்கள். முதல் பிரிவு 'ஹேக்சிம்', கரு என்று சொல்லலாம். கொரில்லாப் போராளிகள், போரில் இறந்த வீரர்கள், ஏழை விவசாயிகள், தொழிலாளர்கள் ஆகியோரின் வாரிசுகள். நடுவே 'தொங்யோ', ஊசலாடுகிறவர்கள். சிறு வியாபாரிகள், நடுத்தர விவசாயிகள் இப்படி. கடைசியில் 'ஜொக்தே', பகைவர்கள். நிலக்கிழார், பழைய அதிகாரி, கிறித்தவக் குடும்பம், தெற்கே போனவரின் உறவுகள்.

இந்த மூன்றுக்கும் தக்காளி, ஆப்பிள், திராட்சை என்று வழக்கில் பெயர் உண்டு. தக்காளி உள்ளும் புறமும் சிவப்பு. ஆப்பிள் தோல் மட்டும் சிவப்பு. திராட்சையில் சிவப்புக்கே இடமில்லை. 51 வகையை ஒரு காய்கறிக் கூடைக்குள் அடக்கிவிட்ட இந்தப் பேச்சு, அரசு அச்சடித்த எந்த விளக்கத்தையும்விடத் தெளிவானது என்பது என் எண்ணம்.

17 வயதில் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு திறக்கப்படுகிறது. காவல் துறை வைத்திருக்கும். தகவல் அவ்வப்போது புதுப்பிக்கப்படும். பெரும்பாலும் தந்தை வழியே கணக்கு. அதில் ஏறுவது மலையேற்றம், இறங்குவது சறுக்குமரம். தப்பான ஒரு வார்த்தை பேசினாலோ, உறவினர் ஒருவர் எல்லை தாண்டினாலோ குடும்பமே கீழே போகும். பகைவனின் விதையை மூன்று தலைமுறைக்கு ஒழிக்க வேண்டும் என்று கிம் இல் சுங் சொன்னதாக ஒரு வாசகம் அரசியல் கைதி முகாம்களின் காவலர்களுக்குப் போதிக்கப்பட்டது; அப்பனோடு பிள்ளையும் பாட்டியும் சேர்ந்தே முகாமுக்குப் போனதற்கு அதுவே விதி. ஆஸ்திரேலிய முன்னாள் நீதிபதி மைக்கேல் கர்பி தலைமையில் ஐ.நா. அமைத்த விசாரணை ஆணையம் 2014 பிப்ரவரியில் தந்த அறிக்கையில், அந்த முகாம்களில் 80,000 முதல் 1,20,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஆணையத்தை நாட்டுக்குள் விடவில்லை. சோல், டோக்கியோ, லண்டன், வாஷிங்டன் நகரங்களில் 80க்கும் மேற்பட்டவர்கள் வெளிப்படையாகச் சாட்சி சொன்னார்கள். நாட்டின் அரசமைப்புச் சட்டத்தின் 65ஆவது பிரிவோ குடிமக்கள் எல்லாருக்கும் சம உரிமை என்கிறது. சொங்புன் என்ற பாகுபாடே எங்களிடம் இல்லை என்பது அரசின் பதில்.

பாகுபாடு இருந்ததா இல்லையா என்பதை வரைபடத்திலேயே பார்க்கலாம். தலைநகர் பியோங்யாங்கில் குடியிருக்கத் தனி அனுமதி வேண்டும். பகைப் பிரிவில் விழுந்த குடும்பங்களை வடகிழக்கின் மலைகளுக்கும் சுரங்க ஊர்களுக்கும் அனுப்பினார்கள். வடக்கு, தெற்கு ஹாம்கியோங், ரியாங்காங் மாகாணங்கள். குளிர் கடுமை, வயல் குறைவு. அங்கே சோறு என்றால் அரசுப் பங்கீடு. உழைப்பாளிக்கு நாளொன்றுக்கு 700 கிராம் தானியம் என்பது ஏட்டுக் கணக்கு. 1990களில் சோவியத் உதவி நின்று, வெள்ளமும் வந்து, பங்கீடு உடைந்தபோது முதலில் கைவிடப்பட்டது இந்த வடகிழக்குதான். அந்தப் பஞ்சத்துக்கு அரசு வைத்த பெயர் 'இடர்மிகு அணிவகுப்பு'. இறந்தவர்கள் சில லட்சம் என்பவர்களும் உண்டு, 20 லட்சத்துக்கு மேல் என்பவர்களும் உண்டு. யாரும் ஓர் உத்தரவு போட்டு 'திராட்சைகளுக்குச் சோறு போடாதே' என்று சொல்லத் தேவை இருக்கவில்லை. அவர்கள் எங்கே இருக்க வேண்டும் என்பது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது.

ஜப்பானிலிருந்து 'தாயகம் திரும்பியவர்கள்' கதை இன்னொன்று. 1959 முதல் 1984 வரை, ஜப்பானில் குடியிருந்த கொரியர்களும் அவர்கள் குடும்பத்தாருமாகச் சுமார் 93,000 பேர் நீகாட்டா துறைமுகத்தில் கப்பலேறி வட கொரியா போனார்கள். சொர்க்கம் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இறங்கியதும் சந்தேகத்துக்குரியவர்கள் பட்டியலில் இடம் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், இன்றைய தலைவர் கிம் ஜொங் உன்னின் தாய் கோ யோங் ஹுய் ஒசாகாவில் பிறந்து இப்படிக் குடும்பத்தோடு வந்தவர் என்பது வெளியுலகம் அறிந்த செய்தி. அவருடைய தாத்தா கிம் இல் சுங்கின் தாயோ கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அதே அளவுகோலை அரச குடும்பத்தின் மேல் வைத்தால் தக்காளி எது, திராட்சை எது என்று குழம்பிப்போகும்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

முதலில் நினைவுக்கு வருவது சாதி. பிறப்பு, தந்தை வழி, கலியாணம், தொழில் எல்லாம் பொருந்துகிறதே என்று தோன்றும். நான் அப்படி எழுத மாட்டேன். சாதி தெருவுக்கே தெரியும். ஒருவர் பெயரைக் கேட்டும், ஊரைக் கேட்டும், எந்தத் தெரு என்று கேட்டும் மோப்பம் பிடிக்கிறார்கள். சொங்புன் ஓர் அலுவலகப் பெட்டிக்குள் இருக்கிறது. தனக்கு என்ன எழுதியிருக்கிறது என்று உரியவருக்கே சரியாகத் தெரியாமல் போகலாம். நன்றாகப் படித்த பையனுக்குக் கல்லூரி இடம் கிடைக்காமல் போகும்போது, வீட்டில் பெரியவர்கள் தலையைக் குனிந்துகொள்ளும்போதுதான் விஷயம் வெளியே வரும். சாதிக்குப் புராணமும் சடங்கும் உண்டு. இதற்கு இருப்பது படிவமும் முத்திரையும். எழுதிய குமாஸ்தாவைக் கண்ணால் பார்த்தவர்கள் நேற்றுவரை உயிரோடு இருந்தார்கள்.

வர்க்கம் என்பதும் சேராது. சொத்து போனால் வர்க்கம் மாறும் என்பதுதான் அந்தச் சொல்லைத் தந்தவர்களின் வாதம். சுரங்கத்தில் கரி வெட்டுகிற மூன்றாம் தலைமுறைக்காரன் இன்னும் நிலக்கிழார் என்றால் அதை வர்க்கம் என்று எப்படிச் சொல்வது? பின்புலம், பின்னணி என்பவை வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் போல மழமழவென்று இருக்கின்றன. பூர்வீகம் நெருங்கி வருகிறது. ஆனால் பூர்வீகம் என்று சொல்லும்போது நமக்கு ஒரு வீடும் கிணறும் குலசாமியும் நினைவுக்கு வந்து கொஞ்சம் பெருமைகூட ஒட்டிக்கொள்கிறது.

'வழித்தரம்' என்று எழுதலாம் என்பது என் தீர்ப்பு. தந்தை வழி, வழிவழி, வழித்தோன்றல் என்று வம்சத்துக்கு வழி என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தரம் என்பது இன்னொருவர் பிரித்துப் போடுவது. வாழைத்தாரையும் நெல்லையும் தரம் பிரிப்பது போல. அந்த இன்னொருவர் இருக்கிறார் என்ற உணர்வு சொல்லில் நிற்க வேண்டும். சேர்மானம் என்ற மூலப்பொருள் இதில் போய்விடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். 'வழிக்கூறு' என்றால் அது தங்கும், ஆனால் வாசகர் உயிரியல் பாடம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

கட்டுரை, செய்திக்கு இது போதும். கதையிலும் பேட்டியிலும் போதாது, ஏனென்றால் தப்பி வந்தவர்கள் சொங்புன் என்ற சொல்லை அதிகம் சொல்வதில்லை. அவர்கள் சொல்வது 'தோடே'. தோடே என்றால் கட்டடத்தின் அடித்தளம். 'எங்கள் வீட்டுத் தோடே நல்லதில்லை' என்பார்கள். கோப்பின் மொழி சேர்மானம் என்கிறது, வீட்டின் மொழி அஸ்திவாரம் என்கிறது. அஸ்திவாரத்துக்கு நம் கொத்தனார்கள் சொல்லும் கடைக்கால் இங்கே அழகாக உட்காரும். பேச்சில் கடக்கால். 'எங்க குடும்பத்துக்குக் கடக்காலே சரியில்ல' என்று ஒரு பாட்டி சொன்னால் தமிழ் வாசகருக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது. மண்ணுக்கு அடியில் இருப்பது, கண்ணுக்குத் தெரியாதது, வீடு எழும்பிய பிறகு தோண்டி மாற்ற முடியாதது.

பஞ்சத்துக்குப் பிறகு 'ஜாங்மாதாங்' எனும் சந்தைகள் முளைத்தன. பங்கீட்டை நம்ப முடியாத வடகிழக்குப் பெண்கள் சோள மாவும் சீனத்துத் துணியும் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். காசு வந்ததும் வழித்தரத்தின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. பயண அனுமதியும் லேசான வேலையும் லஞ்சத்துக்குக் கிடைத்தன. காசு சேர்ந்தவர்களுக்குத் 'தோன்ஜு', பண முதலாளி, என்று புதுப் பெயரும் வந்தது. 2009 நவம்பர் 30 அன்று அரசு நாணயத்தை மாற்றி 100 வோனை 1 வோன் ஆக்கியது. மாற்றிக்கொள்ளவும் உச்சவரம்பு வைத்தது. சந்தைக்காரிகள் பானைக்குள்ளும் பாய்க்கு அடியிலும் வைத்திருந்த நோட்டுகள் பெரும்பாலும் வெறும் தாளாயின. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன.