விலக்கு

கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் புதுச்சேரி பஸ்ஸை நிறுத்திப் பைகளைப் பார்ப்பது மதுவிலக்குப் போலீஸ். இங்கே விலக்கு என்றால் உள்ளே விடாதே. அதே பஸ்ஸில் ஒருவர் வரிவிலக்கு பற்றிப் பேசினால், அது விட்டுவிடு. ஒரே சொல்தான்.

வேரைப் பார்த்தால் குழப்பம் தீரும். விலகு என்பது தானாக ஒதுங்குவது. ககரம் இரட்டித்து விலக்கு ஆனால் ஒதுக்குவது. பழகு, பழக்கு மாதிரி. எதை எதிலிருந்து ஒதுக்குகிறோம் என்பதில் பொருள் புரள்கிறது. (தென்மாவட்டங்களில் ஊருக்குச் சாலை பிரியும் இடமும் விலக்குதான். நம் பக்கம் அதைக் கூட்ரோடு என்போம்.) எக்செப்ஷன் என்பதன் லத்தீன் வேருக்கும் 'வெளியே எடு' என்றே பொருள்.

சரி, உலாவிக்கு (பிரௌசருக்கு) வருவோம். நம்மை அடையாளம் காண ஒரு தளம் உலாவியில் போட்டுவைக்கும் சிறு குறிப்புதான் குக்கீ. அமைப்புப் (செட்டிங்ஸ்) பக்கத்தில் 'குக்கீ விலக்கு' என்று தமிழாக்கினால் தடுப்பதா, அனுமதிப்பதா? யாருக்கும் தெரியாது. பிளாக் என்பதற்குத் 'தடு', எக்செப்ஷனுக்கு 'விதிவிலக்கு' என்று பிரிப்பதே நல்லது. குக்கீக்கு நினைவி என்ற அழகான சொல் இருந்தும், பொத்தானில் குக்கீ என்றிருந்தால்தான் நம்மவர்கள் அழுத்துகிறார்கள். குக்கீயும் துட்டு, கக்கூஸ் போல டச்சு மூலச் சொல்தான். 1693 முதல் 1699 வரை புதுச்சேரி டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. ஆனால் குக்கீ நம்மிடம் வந்தது ஆங்கிலம் வழியாக.

ஒரு விதிவிலக்கைக் கிட்டே போய்ப் பார்ப்போம். நாம் திறந்த தளம் வைக்காமல், அதில் விளம்பரம் போடும் வேறொரு நிறுவனம் வைக்கும் குக்கீயை ஆப்பிளின் சஃபாரி உலாவி முதலிலிருந்தே தடுத்து வந்தது. ஆனால் அந்த நிறுவனத்தின் படிவம் எதையாவது நாமே நிரப்பி அனுப்பினால் அதன் குக்கீயை அப்போது உள்ளே விட்டது. கூகுளின் விளம்பரப் பெட்டி, கண்ணுக்குத் தெரியாத படிவம் ஒன்றைத் தானே அனுப்பிக்கொண்டது. முதல் குக்கீ நுழைந்ததும், அதே முகவரியின் மற்றவையும் பின்னாலேயே வந்தன. சஃபாரிக்காரர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், உலாவியே தடுத்துவிடும் என்று கூகுள் சொல்லியிருந்ததால், அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2012-இல் 2.25 கோடி டாலர் கட்டி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே கூகுள் முடித்துக்கொண்டது.

இன்றும் சஃபாரியின் அடித்தளமான வெப்கிட்டின் மூலநிரலில், லாகின் கெட்டுவிடாமல் இருக்கச் சில தளங்களின் பெயரைச் சொல்லியே தனிவழி எழுதியிருக்கிறார்கள். யாரும் திறந்து படிக்கலாம். அமைப்புப் பக்கத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. விதியோடு சேர்த்து எழுதியதுதான் விதிவிலக்கு. நிரலுக்குள் ஒளிந்திருக்கும் இந்தத் தனிவழிக்கு என் ஓட்டு 'சலுகை' என்ற சொல்லுக்கு.