பதக்கத்துக்கு முன் வர வேண்டிய பணம்: மாற்றுத்திறனாளி வீரர்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள்

வென்று திரும்பியவருக்கு அரசு வழங்கும் ஊக்கத்தொகை வேறு. போட்டிக்குப் போவதற்கே வழியில்லாதவருக்குக் கிடைக்கும் உதவி வேறு. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பேட்மின்டனில் வெள்ளி வென்ற துளசிமதிக்குத் தமிழ்நாடு அரசு வழங்கிய 2 கோடி ரூபாய் முதல் வகையைச் சேர்ந்தது. இங்கே பேசப்படுவது இரண்டாவது வகை. இந்த வேறுபாட்டை அறியாத ஊழியர் ஒருவர், "மெடல் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியபோது நான் அருகில்தான் நின்றிருந்தேன்.

2023 மே மாதம் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, நிறுவனங்களும் பொதுமக்களும் தரும் நன்கொடையையும் சேர்த்துக்கொண்டு, பயிற்சிக்கும் உபகரணத்துக்கும் போட்டிப் பயணத்துக்கும் உதவுகிறது. அரசு சாராத ஒலிம்பிக் கோல்டு குவெஸ்ட், பெங்களூரின் கோஸ்போர்ட்ஸ் அறக்கட்டளை ஆகியவையும் பாரா வீரர்களை ஆதரிக்கின்றன. பின்னணி இவ்வளவு போதும்.

முதல் பொறி நாற்பது விழுக்காடு. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடியில் குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று இருந்தால் அரசுச் சலுகைகள் கிடைக்கும் என்பதால், அதுவே பாரா விளையாட்டுக்கும் தகுதி என்று பலர் நம்பிவிடுகிறார்கள். பாராலிம்பிக் அமைப்பு ஏற்கும் குறைபாட்டு வகைகள் பத்து மட்டுமே. அவற்றில் ஒன்று இருந்தாலும், அது அந்தந்த விளையாட்டின் குறைந்தபட்ச அளவை எட்ட வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் குறைபாட்டைச் சோதித்து வீரர்களைப் போட்டி வகைகளாகப் பிரிக்கும், அந்த விளையாட்டின் வகைப்படுத்தல் குழுவினர். மாவட்ட மருத்துவமனையின் சான்றிதழ் அதைச் சொல்லாது. செவித்திறன் குறைபாடு அந்தப் பத்தில் இல்லை. காது கேளாதோருக்கு டெஃப்லிம்பிக்ஸ் தனியே நடக்கிறது; 2022இல் பிரேசிலில் மதுரையின் ஜெர்லின் அனிகா மூன்று தங்கம் வென்றது அங்கேதான். சங்கமும் தனி, தேர்வுப் போட்டியும் தனி. விண்ணப்பத்தில் இந்தக் கட்டத்தை மாற்றிக் குறித்தால், அதைத் திருத்திக்கொள்ளச் சொல்வதற்குக்கூட யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

வகைப்படுத்தலில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேசியப் போட்டியில் கிடைத்த வகை, வெளிநாட்டில் அப்படியே செல்லாது. சர்வதேசக் குழு மீண்டும் சோதிக்கும், மாற்றும், சில வேளைகளில் தகுதியே இல்லை என்று சொல்லிவிடும். டோக்கியோ பாராலிம்பிக்கில் எஃப்52 என்ற வகைக்கான வட்டெறிதலில் வெண்கலம் வென்ற வினோத் குமார், போட்டிக்குப் பிந்தைய மறுஆய்வில் அதை இழந்தார். ஆகவே உதவி தருபவர்கள் உங்கள் வகை உறுதி செய்யப்பட்டதா, மறுஆய்வில் இருக்கிறதா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்வியை ஆறு மாதம் கோப்பைக் கிடப்பில் போட்ட பிறகு கேட்பதில்தான் நியாயம் இல்லை. மருத்துவர் கையொப்பமிட்ட குறைபாட்டு அறிக்கையை, ஸ்கேன், எக்ஸ்ரே படங்களோடு, யாரும் கேட்பதற்கு முன்பே இணைத்துவிடுங்கள்.

உங்கள் பிரிவு அடுத்த பாராலிம்பிக்கில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மாரியப்பன் 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றதைப் பார்த்து உயரம் தாண்டப் பழகும் சிறுமிகள் நம் ஊர்களில் உண்டு. பாரிஸில் அந்தப் போட்டி ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. பதக்க வாய்ப்பைப் பார்த்துப் பணம் ஒதுக்கும் அறக்கட்டளையிடம் அந்தச் சிறுமியின் விண்ணப்பம் நிற்காது. இதைப் பயிற்சியாளர் முதல் ஆண்டிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சங்கத்தின் பெயரில் "இந்தியா", "இன்டர்நேஷனல்" என்ற சொற்கள் இருப்பதால் அதற்கு அங்கீகாரம் வந்துவிடாது. பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு அண்டை நாட்டுக்கு அழைத்துச் சென்று, பங்கேற்ற எல்லோர் கழுத்திலும் பதக்கம் மாட்டி அனுப்பும் போட்டிகள் உண்டு. அந்தச் சான்றிதழ் உதவித்தொகைக்கும் உதவாது, வேலைக்கும் உதவாது. பணம் கட்டுவதற்கு முன் அங்கீகாரம் பெற்ற சங்கங்களுக்கான மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அந்த ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள். இந்திய பாராலிம்பிக் கமிட்டியின் அங்கீகாரமே 2019இல் ஒருமுறை பறிக்கப்பட்டது என்பதால், போன ஆண்டுப் பட்டியலை நம்ப வேண்டாம்.

நம்மவர்களை அதிகம் அலைக்கழிப்பது பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து மட்டும் இருக்கும், ஆதாரில் பெயருக்குப் பின் அப்பா பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராக ஏறியிருக்கும். சர்வதேச முடிவுப் பட்டியல் பாஸ்போர்ட்டைப் பின்பற்றி, அப்பாவின் பெயரைப் பெரிய எழுத்தில் முதலில் அச்சிடும். அந்தத் தாளைக் கையில் வாங்கிய எழுத்தர் ஒருவர், குண்டு எறியும் பெண்ணின் தந்தையிடம், "இது உங்க பொண்ணோடது இல்லையே, யாரு இந்த ஆளு?" என்று கேட்டார். "அது நான்தாங்க ஐயா" என்றார் அவர். சிரித்துவிட்டு விட்டிருக்கலாம், ஒரே நபர் என்பதற்குச் சான்று கொண்டு வரச் சொல்லி அனுப்பினார்கள், விண்ணப்பத்தின் கடைசி நாள் போயிற்று. மூன்று ஆவணங்களிலும் இருப்பவர் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அதே தந்தை மகளின் சான்றிதழ்கள் கெட்டுவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் லேமினேட் செய்திருந்தார். பின்புறம் முத்திரை வைக்க முடியாது என்று அதற்கும் ஒரு நடை நடந்தார். நகல் எடுத்து அதை லேமினேட் செய்யுங்கள், அசலை வெறும் கவரில் வையுங்கள்.

பயண உதவிக்கு அழைப்புக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். "செலவு செய்துவிட்டு பில் கொடுங்கள்" என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், வட்டிக்கு வாங்கி டிக்கெட் எடுக்கும் முன் அதை எழுத்தில் கேளுங்கள். துணையாளரின் பயணச் செலவு, சக்கர நாற்காலிக்கும் உட்கார்ந்தபடி எறிவதற்கான நாற்காலிக்கும் விமானத்தில் ஆகக்கூடிய கூடுதல் சுமைக் கட்டணம் ஆகியவை முதல் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்க்கப் போனால் புதிய கோப்பு என்பார்கள்.

தனியார் அறக்கட்டளைகளிடம் கையில் ரொக்கம் எதிர்பார்க்க வேண்டாம். பயிற்சியாளர், பிசியோதெரபி, உணவு, உபகரணம் என்றே உதவி பெரும்பாலும் வரும். "அங்கே எனக்கு ஆள் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு முன்பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இணையத்தில் விண்ணப்பித்தவர்கள் பதிவு எண் தெரியும் திரையைப் படமெடுத்து வையுங்கள். நேரில் கொடுத்தவர்கள் தேதி முத்திரையிட்ட நகலைக் கையில் வாங்காமல் அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.