எல்லை ஊர்க் கலைக்குழுவுக்கு அரசுப் பணம்: எங்கே மாட்டிக்கொள்கிறோம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு கும்மி வாத்தியார் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவரிடம் ஆடக் கற்றவர்கள் இந்தப் பக்கம் வேலந்தாவளம், மீனாட்சிபுரம், அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரை இருக்கிறார்கள். குழுவை வேறு மாநிலத்துக்கு அனுப்பி ஆடவைக்க அரசு பணம் தருகிறது என்று யாரோ சொல்ல, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிக் கேரளத்து அலுவலகத்துக்குப் போனார். "இது தமிழ்நாட்டுக் கலையாச்சே, அங்க போய்க் கேளுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொரு நாள் கூலியை விட்டு எல்லையைத் தாண்டிப் போனார். "ஆதார் கேரளா அட்ரஸ்ல இருக்கே, உங்க மாநிலத்துல கேளுங்க" என்றார்கள். மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன். வாய்ப்பேச்சு எதுவும் பேசவில்லை. கேரளத்தில் வசிக்கும் குழு ஆடும் கலை தமிழ்நாட்டிலும் இருந்தால் விண்ணப்பிக்கக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது, எழுதித் தாருங்கள் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி நீட்டி, பதிவு எண் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் விண்ணப்பப் படிவம் மேஜைக்கு வந்துவிட்டது. முதல் நாளே அதைக் கொடுத்திருக்கலாம்.

இது அவர் ஒருவருக்கு நடந்ததல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

திட்டத்தின் பின்னணி கொஞ்சம்தான். மத்திய அரசின் கலாசார அமைச்சகத்தின் கீழ் நாடு முழுக்க 7 மண்டலக் கலாசார மையங்கள் இருக்கின்றன. நம்முடையது தஞ்சாவூரில் உள்ள தென்னக மண்டல மையம், 1986இல் தொடங்கியது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி, அந்தமான், லட்சத்தீவு எல்லாம் இதில் சேர்த்தி. அதாவது கொழிஞ்சாம்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் மையம் ஒன்றேதான், "அந்த மாநிலம், இந்த மாநிலம்" என்று விரட்டும்போது இது நினைவிருக்கட்டும். ஆந்திரம் நாக்பூர் மையத்திலும் உறுப்பு, ஆகவே நகரி, புத்தூர்ப் பக்கத்துப் பாரதக் கூத்துக் குழுக்களுக்குத் தட்ட இரண்டு கதவு உண்டு. கேரள அரசுக்கென்று திருவனந்தபுரத்தில் பாரத் பவன் இருக்கிறது, கலைப் பரிமாற்றத்துக்காகவே வைத்தது. வெளிநாடு என்றால் 1950இல் தொடங்கிய ஐ.சி.சி.ஆர்., அதாவது இந்தியக் கலாசார உறவுகள் மன்றம்.

இப்போது முதல் பொறிக்கு வருகிறேன், பாதிப் பேருக்கு ஒரு வருடம் வீணாவது இங்கேதான். பணம் இரண்டு வகை. ஒன்று, மையமே உங்களைக் கூப்பிட்டு, மேடை கொடுத்து, மதிப்பூதியமும் பயணச் செலவும் தருவது, பரிமாற்றத் திட்டம் என்பது இதுதான். இன்னொன்று, நீங்களே விழா எடுத்து அதற்கு மானியம் கேட்பது. முதல் வகைக்குக் குழுவின் விவரம், படங்கள், வீடியோ, பழைய நிகழ்ச்சிகளின் சான்று எல்லாம் மையத்தின் பட்டியலில் இருக்க வேண்டும், அழைப்பு அந்தப் பட்டியலில் இருந்துதான் வரும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், பொள்ளாச்சியில் ஒரு கோயில் திருவிழாவில் ஆடிவிட்டு வேன் வாடகை ரசீதோடு போய் "பரிமாற்றத் திட்டத்தில் பணம் தாருங்கள்" என்று கேட்கிறார்கள். மாநில எல்லையைத் தாண்டியது உண்மைதான், ஆனால் கூப்பிட்டது மையம் இல்லை. அந்த ரசீதுக்குப் பணம் வராது. அதை முதல் நாளே சொல்லாமல் நாலு தடவை நடக்கவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் தாங்க முடிவதில்லை.

அந்த ரசீதால் காசு வராவிட்டாலும் நோட்டீஸால் வரும். திருவிழா நோட்டீஸ், செய்தித்தாள் துண்டு, மேடையில் ஊர்ப்பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி எடுத்த படம், ஐந்து நிமிட வீடியோ, இவைதான் உங்கள் குழு இத்தனை வருடமாக ஆடுகிறது என்பதற்கு ஆதாரம். நம் ஊர் நோட்டீஸில் "மாசி 14, செவ்வாய்" என்று மட்டும் அச்சிடுகிறார்கள், ஆங்கில வருடமே இருக்காது. அதைக் கையில் வாங்கும் அதிகாரிக்கு எந்த வருடத்து மாசி என்று எப்படித் தெரியும்? அச்சகத்தில் கொடுக்கும்போதே வருடத்தையும் குழுவின் முழுப் பெயரையும் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். எல்லை ஊரில் இது பெரிய தலைவலி. தமிழ்நாட்டு வழக்கப்படி இனிஷியல் முன்னால், கேரளத்து வழக்கப்படி பின்னால், பள்ளிக்கூடத்தில் சேர்த்த மலையாள மாஷ் வீட்டுப்பெயரையும் ஒட்டிவிட்டிருப்பார். ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, பாஸ்புக்கில் ஒன்று. நேரில் பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே ஆள்தான், பணம் அனுப்பும் கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். குழுவில் 12 பேர் இருந்தால் 12 பேரின் பெயரையும் விண்ணப்பத்துக்கு முன்பே ஆதாரோடும் வங்கியோடும் ஒப்பிட்டுப் பார்த்து, தவறை அக்ஷயாவில் (கேரள அரசின் இ-சேவை மையம்) திருத்திவிடுங்கள். தேர்வான பிறகு திருத்தப் போனால் நிகழ்ச்சித் தேதி தாண்டிவிடும்.

வங்கிக் கணக்கிலும் இரண்டு விஷயம் பாருங்கள். 2 வருடத்துக்கு மேல் எதுவும் போட்டு எடுக்காத கணக்கு முடங்கிப்போகும், வந்த பணம் திரும்பிப் போகவும் கூடும், அது மறுபடி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இன்னொன்று, ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் பாஸ்புக்கை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிற பெரியவர்கள் நிறைய. அந்த வங்கி 2017 ஏப்ரலில் எஸ்.பி.ஐ.யோடு சேர்ந்துவிட்டது, ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறிவிட்டது. பழைய பாஸ்புக் நகலை வைக்காதீர்கள். பான் கார்டும் வேண்டும், வரி பிடிக்க வேண்டிய தொகையாக இருந்து பான் இல்லையென்றால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள்.

சரி, இருப்பிடம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்களோ அந்த மாநிலத்துக் கலைஞராகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஆடுவது எந்த மொழிக் கலை என்பது வேறு கேள்வி. பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், பத்ரகாளி கோயில் கூத்துமாடத்தில் கம்பராமாயணப் பாட்டு, தமிழ்ப் பாட்டு, வைத்துத்தான் நடக்கிறது. அதைக் கேரளக் கலை என்றுதான் உலகமெல்லாம் காட்டுகிறார்கள், தமிழ்ப் பாட்டாச்சே, அந்தப் பக்கம் போங்கள் என்று அந்தக் கூத்தை நடத்தும் புலவரை யாரும் விரட்டுவதில்லை. கும்மிக்கு மட்டும் ஏன் அந்தப் பேச்சு? விரட்டினால் இதையே சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள்.

இந்த விரட்டலுக்குப் பயந்து சிலர் பொள்ளாச்சியிலோ ஆனைமலையிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டு விலாசத்தைக் காட்டி, தமிழ்நாட்டு நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் அட்டை எடுக்கிறார்கள். அக்கறையோடு சொல்கிறேன், வேண்டாம். ஆதார் விலாசம் ஒன்றுதான், அதை மாற்றினால் இங்கே ரேஷனும் க்ஷேம பென்ஷனும் (அரசு நல ஓய்வூதியம்) ஆட்டம் காணும். மாற்றாமல் பொய்ச் சான்று கொடுத்தால் ஒருநாள் யாராவது புகார் எழுதுவார்கள். கேரளத்தில் வசிப்பவருக்குக் கேரளத்தின் சாம்ஸ்காரிகப் பிரவர்த்தக க்ஷேமநிதி (கலாசாரப் பணியாளர் நலநிதி) இருக்கிறது, அங்கே சேருங்கள். வாரியத்தில் உறுப்பினர் ஆவதும் பரிமாற்றப் பட்டியலில் சேர்வதும் ஒன்றல்ல என்பதையும் மறக்காதீர்கள், அட்டை வந்துவிட்டது என்று அழைப்புக்காகக் காத்துக்கொண்டே இருப்பவர்களை எனக்குத் தெரியும். அதேபோல் பெஹ்சான் அட்டை. அது ஜவுளி அமைச்சகம் கைவினைஞர்களுக்குக் கொடுப்பது. பாவையைத் தோலில் வெட்டுகிறவருக்கு உதவலாம், ஆட்டக்காரருக்கு இந்தத் திட்டங்களில் அது எதற்கும் ஆகாது. அதை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது வகை, நீங்களே விழா எடுப்பது. கலாசார அமைச்சகத்தின் விழா மற்றும் தயாரிப்பு மானியத்தில் சாதாரணமாக 5 லட்சம் வரை, மிகச் சிறப்பான நேர்வுகளில் 20 லட்சம் வரை என்று இருக்கிறது. ஊரில் எல்லாரும் இந்த 20 லட்சத்தைத்தான் பேசுகிறார்கள், அதை மறந்துவிடுங்கள். அமைப்பாக விண்ணப்பித்தால் பதிவு செய்து 3 வருடமாவது இயங்கியிருக்க வேண்டும். வெறும் பதிவுச் சான்று போதாது, அந்த வருடங்களின் தணிக்கைக் கணக்கு, தன்னார்வ அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பதிவு, நிர்வாகிகளின் பான், ஆதார் எல்லாம் கேட்பார்கள். மானியத்துக்காக இந்த வருடம் அவசரமாகச் சங்கம் பதிவு செய்தால் இந்த வருடம் கிடைக்காது. பதிவு செய்யாமல் இருக்க வேண்டாம், இன்றைக்கே செய்யுங்கள், அந்த 3 வருடம் இன்றிலிருந்து ஓடட்டும்.

இதில் எங்கள் தாலுகாவுக்கு மட்டும் ஒரு சிக்கல். சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, பாலக்காட்டின் மற்ற பகுதிகள் மலபார். ஆகவே இங்கே சங்கங்கள் 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி சட்டத்தின் கீழ் வரும், பாலக்காடு டவுனில் 1860ஆம் ஆண்டுச் சட்டம். படிவத்தில் "1860" என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துவிட்டு உங்கள் சான்று செல்லாது என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். 1955ஆம் ஆண்டுச் சட்டமும் சங்கப் பதிவுச் சட்டம்தான் என்று விண்ணப்பத்தோடு ஒரு பத்தி எழுதி இணையுங்கள்.

பணத்தைப் பற்றி மிகப் பெரிய எச்சரிக்கை இது. அனுமதி ஆணை கையில் வருமுன் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். "கிடைச்சிரும் அண்ணா, நான் பேசிட்டேன்" என்ற வார்த்தையை நம்பி வட்டிக்கு வாங்கிப் பந்தல் போட்டு, விழா முடிந்து ஆணை வராமல், தவிலையும் நகையையும் விற்றுக் கடனடைத்த குடும்பத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். ஆணை வந்தாலும் முழுத் தொகையும் ஒரேயடியாக வராது, ஒரு பங்கு உங்கள் கையிலிருந்தும் போட வேண்டியிருக்கும், மீதித் தவணை கணக்கு ஒப்படைத்த பிறகுதான். கணக்கு என்றால் ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ், படிவம் ஜி.எஃப்.ஆர். 12-ஏ. அதைக் கொடுக்காத சங்கம் மீதியையும் இழக்கும், அடுத்த தடவை விண்ணப்பமும் நகராது. பந்தல்காரர், மைக்செட், சாப்பாடு, எல்லாருக்கும் வங்கி வழியாகக் கொடுங்கள், அன்றைக்கே பில் வாங்குங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் தருகிறவர்கள் குறைவு.

புரோக்கர் இந்த ஆணைக்கு முன்னால்தான் வருவார். இத்தனை சதவீதம் கொடு, டெல்லியில் ஆள் இருக்கிறது என்பார். விண்ணப்பிக்க யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. சங்கத்தின் லெட்டர்பேடில் வெற்றுக் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள், அந்தத் தாளில் நாளை என்ன எழுதப்படும் என்று உங்களுக்குத் தெரியாது, கணக்குக் கேட்டு நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்குத்தான்.

மொழி. கேரளத்தில் 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மை மொழிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினால் அந்தச் சட்டத்தின் வருடத்தைச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதற்கு மேல் பேச்சு நீளாது.

எந்த மனுவையும் பதிவு எண் வாங்காமல் கொடுத்துவிட்டு வராதீர்கள். கையில் வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டால் அது மனு கொடுத்ததாகவே ஆகாது. தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மூன்று கேள்வி கேளுங்கள்: என் விண்ணப்பம் இன்று எந்த மேஜையில் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, நிராகரித்தால் எந்த விதியின் கீழ். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணமே கிடையாது. "ஏன் தரவில்லை" என்று சண்டைக் கேள்வி கேட்டால் பதில் தராமல் நழுவ வழி கிடைத்துவிடும், தாள் எங்கே என்று மட்டும் கேளுங்கள்.

வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம் கூப்பிட்டால் ஒன்று மட்டும் கவனம். ஆடியதற்குக் கூலியாக ரசீதோடு வரும் பணம் வேறு, சங்கத்துக்கு நன்கொடை என்று வரும் பணம் வேறு. நன்கொடையென்றால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. அழைப்புக் கடிதத்திலேயே இன்ன நிகழ்ச்சிக்கு இன்ன கட்டணம் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

கும்மி வாத்தியாரின் விண்ணப்பம் பதிவு எண்ணோடு உள்ளே இருக்கிறது. 12 பேரில் 5 பேருக்குப் பெயர் திருத்த வேண்டியிருந்தது, அதில் நாலு முடிந்துவிட்டது. ஐந்தாவது ஆள் ஒரு பெண், கல்யாணமாகி ஆனைமலைக்குப் போய்விட்டாள், அவளுடைய ஆதார் எந்த ஊரில் இருக்கிறது என்று அடுத்த வாரம் அக்ஷயாவில் பார்க்கப் போகிறோம்.