கேமில் ஆள் குறைகிறதா? பெயர்களை எண்ணினால் தெரியும்

கல்முனையிலோ காத்தான்குடியிலோ இரவு பதினொன்றரைக்கு ஒரு ஒன்லைன் கேமைத் திறந்து, மெட்ச் கிடைக்க ஐந்து நிமிடம் போனால் “இந்தக் கேம் செத்துட்டு” என்று பேச்சு வந்துவிடும். நம்மில் பலர் விளையாடுவது சிங்கப்பூர் சேர்வரில். அங்கே அப்போது நேரம் அதிகாலை இரண்டு மணி. ரமழானில் தராவீஹ் தொழுகை முடிந்து விளையாட உட்காருபவர்களுக்கு, மெட்சுக்குக் காத்திருக்கும் வரிசை மெதுவாக நகர இதுவே போதுமான காரணம்.

கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் காட்டும் ‘இப்போது விளையாடுவோர்’ எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. பப்ஜி 2018 ஜனவரியில் அங்கே ஒரே நேரத்தில் 32 இலட்சத்தைத் தாண்டியது. போனில் விளையாடுவோர் அந்தக் கணக்கில் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. மணிக்கு 1,000 பேர் நுழைந்து ஆளுக்கு 2 மணிநேரம் இருந்தால் 2,000 பேர் தெரிவார்கள். மெட்ச் நேரத்தைக் குறைத்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அதே ஆட்கள் 1 மணிநேரம் மட்டும் இருந்தால் எண் 1,000 ஆகிவிடும். ஒருவர்கூட விலகியிருக்க மாட்டார்.

மெட்ச் எப்படிச் சேர்கிறது என்று பார்த்தால்தான் உண்மையான தேய்வு பிடிபடும். 6,000 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். 3 சேர்வர், 4 ஆட்ட வகை, 5 ரேங்க் (திறமை) மட்டம் என்று பிரித்தால் 60 பிரிவுகள், பிரிவுக்கு 100 பேர். மெட்ச் 30 நிமிடம், காத்திருப்பு 5 நிமிடம் என்றால் எந்த நேரத்திலும் ஏழில் ஒருவர், அதாவது சுமார் 14 பேர், வரிசையில் நிற்பார்கள். 10 பேர் ஆடும் மெட்ச் உடனே சேரும். பாதிப்பேர் போனால் வரிசையில் 7 பேர்தான். அப்போது சிஸ்டம் ரேங்க் எல்லையைத் தளர்த்தும். நேற்று சேர்ந்தவர் ஐந்து வருடம் ஆடியவரிடம் மாட்டிக்கொள்வார், நாலு தோல்வியில் கேமை அழித்துவிடுவார், வரிசை இன்னும் மெலியும். சிறிய கேம்களைக் கொல்வது பெரும்பாலும் இந்தச் சுழல்தான்.

ஆள் போதாதபோது சில கேம்கள் உங்களைத் தூர சேர்வருக்கும் அனுப்பும். மட்டக்களப்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,500 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு 2 இலட்சம் கிலோமீற்றர் போவதால் போய்வர குறைந்தது 25 மில்லிசெக்கன் ஆகும். கேபிள் வளைந்து போவதால் நிஜத்தில் இன்னும் கூடும். பிராங்பேர்ட் என்றால் குறைந்தது 80. பிங், அதாவது இந்தப் போய்வரும் நேரம், திடீரென்று ஏறினால் முதலில் சேர்வர் பெயரைப் பாருங்கள். சேர்வர் மாறவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது உங்கள் இணைப்பை.

இனி எண்ணும் முறை. வாவியில் எத்தனை மீன் என்று அறிய, கொஞ்சம் மீனைப் பிடித்து அடையாளமிட்டு விடுவார்கள். மறுபடி பிடித்ததில் அடையாளமுள்ளவை எத்தனை என்று பார்ப்பார்கள். அதே கணக்கு இங்கும் சரிவரும். செவ்வாயும் வியாழனும் இரவு 8 மணிக்கு, ஒரே ஆட்ட வகையில், நண்பர் குழு இல்லாமல் தனியாக ஆடுங்கள். ஒவ்வொரு மெட்ச் முடிவிலும் பெயர்ப் பட்டியலை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். முதல் நாள் 60 பேர், இரண்டாம் நாள் 50 பேர், இரண்டிலும் வந்தவர் 5 பேர் என்றால் 60×50÷5 = 600. மூன்று மாதம் கழித்து அதே அளவு பட்டியலில் 15 பேர் திரும்ப வந்தால் 200. இது முழுக் கேமின் தொகை இல்லை, உங்கள் ரேங்க், உங்கள் நேரத்தின் தொகை. அனுபவத்தைத் தீர்மானிப்பதும் அந்தத் தொகைதான்.

பிழை வரும் இடங்கள் உண்டு. திரும்ப வந்தவர் 5 பேர் மட்டும் என்றால் ஒருவர் கூடினாலே 600 என்பது 500 ஆகிவிடும். ஆகவே 15, 20 பேர் திரும்ப வரும்வரை பட்டியலை நீட்டுங்கள். தினமும் ஆடுபவர் அடிக்கடி அகப்படுவதால் விடை நிஜத்தைவிடக் குறைவாக வரும். பொட்கள், அதாவது கணினியே ஆட்டுவிக்கும் போலி ஆட்டக்காரர்கள், புதுப்புதுப் பெயரில் வந்தால் விடை ஊதிப்போகும். பெயரை மாற்றுபவர்களும் உண்டு, ஐடி இலக்கம் தெரிந்தால் அதையே குறியுங்கள். உங்கள் ரேங்க் இடையில் ஏறியிருந்தால் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம், மேலே போகப்போக ஆட்கள் இயல்பாகவே குறைவு.

அதே ஸ்கிரீன்ஷொட்டில் லெவலையும் பாருங்கள், குறைந்த லெவல் என்றால் புதியவர். உயர் ரேங்கில் புதியவர்கள் தெரிய மாட்டார்கள், அதனால் இதைச் சாதாரண மெட்சில் செய்ய வேண்டும். புதியவர்கள் நாலில் ஒருவராக இருந்து பத்தில் ஒருவராகிவிட்டால், வரிசை இன்னும் வேகமாக நகர்ந்தாலும் தேய்வு தொடங்கிவிட்டது என்றே கொள்ளலாம். பழையவர்கள் வேலை, பரீட்சை என்று விலகும்போது அந்த இடத்தை நிரப்ப ஆளிருக்காது.