பட்டம் படமாகும் வகுப்பறை

பல்லாவரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளுக்கு மூன்றரை வயது. வீட்டில் ஓயாத பேச்சு, கேட்ட பாட்டை மறுநாளே திருப்பிப் பாடிவிடுகிறாள். நர்சரியில் மட்டும் ‘சொன்னது காதில் ஏறுவதே இல்லை, கவனம் போதாது’ என்கிறார்களாம். மாமியார் நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார். என்ன செய்வது?

வசம்பு இருக்கட்டும். பிள்ளைகள் கிளம்பிய பிறகு அந்த வகுப்பறைக்குள் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள் என்று பதில் எழுதினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒலி அலை, அதிர்வெண், எதிரொலி எல்லாம் பள்ளியில் படித்ததுதான். பேச்சில் உயிரொலிகள் சத்தமானவை. க், ச், த், ப் போன்ற வல்லின மெய்கள் மெலிந்தவை, கணப்பொழுதில் முடிந்துவிடுபவை. அதனால் இரைச்சலில் முதலில் காணாமல் போவது மெய்தான். ‘சுவரில் _டம் மாட்டு’ என்று அரைகுறையாகக் கேட்டாலும் நாம் ‘படம்’ என்று நிரப்பிக்கொள்கிறோம். சுவரில் மடத்தையோ வடத்தையோ யாரும் மாட்டுவதில்லை என்று நமக்குத் தெரியும். நாம் பாதி காதாலும் பாதி அனுபவத்தாலும் கேட்கிறோம். மூன்று வயதுக் குழந்தையிடம் அந்தச் சேமிப்பு இல்லை. அதைச் சேர்க்கத்தானே பள்ளிக்கே வந்திருக்கிறது!

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ‘படம்’, ‘பட்டம்’ இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். (சென்னைப் பிள்ளைக்கு அது காத்தாடி, இருந்தாலும் சொல்லுங்கள்.) ‘பட்டம்’ என்னும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி காற்றை அடைத்து நிற்கிறது. அந்த நேரத்தில் ஒலியே கிடையாது. ‘ட்ட’ என்பதை நாம் அடையாளம் காண அந்தச் சின்ன மௌனம் பெரிய துணை. பாடு–பாட்டு, காது–காத்து என்று தமிழ் முழுக்க இப்படி மௌனத்தை வைத்துப் பொருளைப் பிரிக்கிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது, அறை சும்மா இருந்தால்.

அறை சும்மா இருக்காது. ‘ப’வில் உள்ள அகரம் சுவரிலும் தரையிலும் மோதி மோதித் திரும்புகிறது. இப்படி எஞ்சும் ஒலி 60 டெசிபல் தணிய ஆகும் நேரத்துக்கு எதிர்முழக்க நேரம் என்று பெயர். அது ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு நொடி மௌனத்துக்குள் பழைய அகரம் 4 டெசிபல்தான் குறைந்திருக்கும். மௌனம் இருந்த இடத்தில் அகரத்தின் வால் படுத்திருக்கிறது. எதிர்முழக்க நேரம் அரை நொடியாக இருந்தால் 12 டெசிபல் குறையும், பள்ளம் தெரியும். ஆசிரியை ‘பட்டம்’ என்றுதான் சொன்னார். கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது ஏதோ ஒரு கூழ்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஓர் அரங்கில் பேச்சே புரியவில்லை, சரிசெய்து கொடு என்றார்கள். இரவானதும் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்குவார், ஆர்கன் குழலை ஊதவிட்டு நிறுத்துவார், ஒலி அடங்கும்வரை காதாலேயே கேட்டு நேரம் குறிப்பார், விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். எதிர்முழக்க நேரத்துக்கு அவர் கண்ட சூத்திரம் எளிது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறை விழுங்கும் ஒலியின் அளவால் வகுக்க வேண்டும். விழுங்கும் அளவுக்கு அலகாக அவர் எடுத்துக்கொண்டது திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பாது அல்லவா?

நம் ஊர்க் கணக்கு போடுவோம். 6 மீட்டருக்கு 6, உயரம் 3. சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. வெறும் அறையில் எதிர்முழக்கம் ஐந்தாறு நொடிகூட வரும். இருபது குழந்தைகளும் திறந்த இரண்டு ஜன்னல்களும் சேர்ந்தால் ஒன்றரை நொடிக்கு இறங்கும். வகுப்பறைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 0.6. சரி, இன்னும் நாலு ஜன்னலைத் திறக்கலாமே என்றால், வெளியே ஜி.எஸ்.டி. சாலை. ஹாரன், மின்சார ரயில், தலைக்கு மேல் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம். ஒலி வெளியே போகும் வழியாகவே இரைச்சல் உள்ளே வருகிறது.

இதன் விலை என்ன? நியூயார்க்கில் மேம்பால ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியைப் பற்றி 1975இல் ஓர் ஆய்வு வந்தது. தண்டவாளப் பக்கத்து வகுப்புகளில் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் மறுபக்கத்தாரைவிட ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை பதித்தார்கள். மறுபடி சோதித்தபோது அந்த வேறுபாட்டையே காணோம்.

ஒரு காலத்தில் நம் ஓலைக் கொட்டகைகள் ஒலியை நன்றாகவே விழுங்கின. 2004இல் கும்பகோணம் தீயில் 94 குழந்தைகளை இழந்தபின் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரையை எடுத்தார்கள். எடுத்தது சரிதான். அதன் இடத்துக்குக் கான்கிரீட் வந்தபோது காதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. ஓ.எம்.ஆரில் எந்த ஐ.டி. அலுவலகத்துக்குப் போனாலும் தலைக்கு மேல் ஒலி விழுங்கும் ஃபால்ஸ் சீலிங் இருக்கிறது. பேசவே கற்றுக்கொள்ளும் வயதினருக்குக் கிடைப்பது ஸ்மார்ட் டிவி. எனக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சீலிங் ஓடுகளுக்குப் பணம் இல்லையென்றால் சுவரில் சாஃப்ட் போர்டு, தடித்த திரை, தரையில் கனமான விரிப்பு. ஜமக்காளம் மெல்லியது, ஓரளவுக்குத்தான் உதவும். முட்டை அட்டைகளை ஒட்டும் யோசனை வேண்டாம். பெயர் பெற்ற அளவுக்கு அது ஒலியை உறிஞ்சுவதில்லை, தீயும் பிடிக்கும். காசே செலவில்லாத வழி, கதை சொல்லும்போது பிள்ளைகளை அரைவட்டமாக நெருங்கி உட்கார வைப்பது. நான் கணக்குப் போட்ட அறையில் சுமார் ஒரு மீட்டர் தாண்டினாலே, வாயிலிருந்து நேராக வரும் ஒலியைச் சுவரிலிருந்து வரும் ஒலி மிஞ்சிவிடுகிறது.

வாசகிக்கு இன்னொன்றும் சொன்னேன். சளி பிடித்த பிறகு நடுக்காதில் நீர் தங்கிச் சில வாரங்கள் கேட்பது மந்தமாவது இந்த வயதில் சாதாரணம். வலி இருக்காது, அதனால் குழந்தையும் சொல்லாது. காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம் அந்தக் கைதட்டல்: ‘டப்’ என்று உடனே நின்றதா, ‘டப்ப்ப்ப்’ என்று இழுத்ததா என்று எழுதுங்கள். பாப்பா எத்தனையாவது வரிசையில் உட்காருகிறாள் என்பதையும்.